காட்டோர நிரை

காலை ஐந்தே முக்கால். ஊரடங்கு முடியக் கால் மணி நேரம் இருந்தது. முள்வேலிக் கதவுக்கு உட்பக்கம் பால்வெட்டுக்காரர்கள் வாளிகளைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். தூக்கம் கலையாத முகங்கள்.

அவர்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கம் தன் கும்பலை எண்ணினான். பதினான்கு பேர். மறுபடி எண்ணினான். மூன்று வாரத்துக்கு முன்பு பதினைந்து பேர் இருந்தார்கள்.

பதினைந்தாவது ஆள் சன்னாசி. அவனுக்கு விடப்பட்ட நிரையில் முந்நூற்று இருபது ரப்பர் மரங்கள். கடைசி மரத்துக்குப் பத்தடி தள்ளிக் காடு தொடங்கியது. அந்தக் கடைசி மரத்தடியில்தான் அவன் கிடந்தான். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பட்டாளம் ஆள் தெரியாமல் சுட்டது என்று தொழிலாளர் லயத்தில் பேச்சு. கோலா பிலாவிலிருந்து லாரி வந்து உடலை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் வெள்ளைக்காரச் சின்ன துரை ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த நிரையை இனி யார் வெட்டுவது?

மலாயாவில் அவசரகாலம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் மற்ற மண்டோர்களின் ஆட்களில் பாதிப் பேர் சிரம்பானுக்குப் போய்விட்டார்கள். ரோட்டு வேலை, முனிசிபல் வேலை, எது கிடைத்தாலும் சரி என்று. இராஜமாணிக்கத்தின் கும்பலில் ஒருவரும் போகவில்லை. சன்னாசியைப் புதைத்த மறுநாளும் பதினான்கு பேரும் வந்து நின்றார்கள். ஏன் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் போய்விடுவார்களோ என்று அவன் கேட்கவும் இல்லை.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. பெண்களைச் சாக்குத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரப் பெண் சோதித்தாள். ஆண்களை ஒரு கான்ஸ்டபிள் தடவிப் பார்த்தான். அரிசி, சோறு, சீனி, மருந்து எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் போய்ச் சேரும் என்று பயம். ஒரு பிடி சோறு மடியில் இருந்தால் சிறை. வெறும் காப்பித் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோகலாம். சீனி கலந்திருக்கிறதா என்று கான்ஸ்டபிள் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தான்.

“தெனமும் ருசி பாக்குறியே தம்பி, நாளைக்கு ஒனக்கும் சேத்துக் கொண்டாரவா?” என்றார் ஆறுமுகம்.

கும்பலில் அவர்தான் மூத்தவர். மனைவி செத்து ஏழு வருடம். லயத்தில் தனி ஆள். கான்ஸ்டபிளுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் சிரித்தான்.

சேர்ந்து நடந்தார்கள். யாரும் முன்னே போகக் கூடாது, யாரும் பின்தங்கக் கூடாது என்பது இராஜமாணிக்கம் போட்ட ஒழுங்கு. கால் இழுத்து நடப்பவருக்காக மற்றவர்கள் நடையைக் குறைத்தார்கள். கடைசியில் நடக்கும் இடம் ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு வரும். இன்று அவன் மனைவி ராக்கம்மாவின் முறை. தலையில் துணி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு அவள் வந்தாள். அவளும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி.

சொந்த நிரைகளுக்கு அவர்கள் பிரியவில்லை. நேராகக் காட்டோரத்துக்குப் போனார்கள். பதினான்கு உளிகளும் சன்னாசியின் மரங்களில் ஒரே நேரத்தில் இறங்கின. ஆளுக்கு இருபத்துச் சொச்சம் மரம். கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். மூன்று வாரமாக அப்படித்தான் நடந்தது. யோசனை இராஜமாணிக்கத்தினுடையது. ஒரு ஆளை அங்கே தனியாக விட அவனால் முடியவில்லை.

“ஒரு நெரைக்குப் பதினாலு பேரு. பொணந் தூக்கவே நாலு பேருதான்” என்றார் ஆறுமுகம்.

“வாய மூடிக்கிட்டு வெட்டுங்கண்ணே. ஒங்க வாய்க்குப் பயந்தே காட்டுல உள்ளவன் வரமாட்டான்” என்றாள் ராக்கம்மா.

இரண்டு பேர் சிரித்தார்கள். பஞ்சாலை சிரிக்கவில்லை. அவள் சன்னாசியின் மனைவி. கடைசி மரத்தை அவளேதான் வெட்டுவாள். வேறு யாரும் அதன் பக்கம் போவதில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள். பெரியவளுக்கு நாலு வயது.

அன்று பத்து மணிக்குச் சின்ன துரை வந்தார். பின்னால் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கம் சிவப்புச் சாயப் பேணியும் தூரிகையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பால்மரம் வெட்டுவது தோலைச் சீவும் வேலை. ஒரு நூல் கூடுதலாக இறங்கினால் கட்டை தெரிந்துவிடும். அதைக் காயம் என்பார்கள். காயம் பட்ட இடத்தில் தோல் முடிச்சு விழுந்து வளரும். பிறகு பல வருடம் அங்கே உளி ஓடாது. ஒவ்வொரு வெட்டுக்காரருக்கும் ஒரு சாய்வு, ஓர் ஆழம். மரம் ஒரு கைக்குப் பழகியிருக்கும். சன்னாசியின் மரங்களில் இப்போது பதினான்கு கைகள் விழுந்திருந்தன. அதுவும் காட்டைப் பார்த்துக்கொண்டே வெட்டிய கைகள்.

சின்ன துரை ஒவ்வொரு மரமாகக் காட்டினார். கிராணி ஒவ்வொரு காயத்திலும் சிவப்புப் பொட்டு வைத்தார். நூறு மரத்துக்கு மேல் அவர் கையிலும் சட்டையிலும் சிவப்பு. முந்நூற்று இருபதையும் பார்த்து முடிக்கும்போது சாயம் தீர்ந்திருந்தது.

இராஜமாணிக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பதினைந்து வயதில் உளி பிடித்தவன். காயம் விழும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆட்களைப் பார்த்ததில் மரத்தைப் பார்க்காமல் விட்டான். பார்த்திருந்தாலும் வேறு என்ன செய்திருப்பான் என்று தெரியவில்லை.

சின்ன துரை அதிகம் பேசவில்லை. அவருக்கும் தூக்கம் இல்லாத முகம். இடுப்பில் துப்பாக்கி இருந்தது. கிராணியிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார்.

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். “துரை சொல்லிப்போட்டார். ஒரு நிரைக்கு ஒரு கை. வெள்ளிக்கிழமைப் பெரட்டிலை எனக்கு ஒரு பேர் வேணும். இல்லையெண்டால் உம்மட கும்பலைப் பிரிச்சு மற்ற மண்டோர்மாருக்குக் குடுக்கச் சொல்லுறார்.”

புதிதாக ஆள் எடுக்கலாமே என்று இராஜமாணிக்கம் கேட்டான். எடுக்கலாம், ஆனால் காட்டோரம் என்றால் புதிய ஆள் எவனும் வருவதில்லை என்றார் கிராணி. பழைய ஆளைக் காட்டோரத்துக்கு மாற்றி, அவர் விட்ட நிரையைப் புதியவனுக்குக் கொடுப்பதுதான் வழி. அப்படியானால் நானே வெட்டுகிறேன் என்றான் இராஜமாணிக்கம். கிராணி இல்லை என்று தலையாட்டினார். அதையும் துரையிடம் கேட்டாயிற்று. மண்டோர் வெட்டினால் மற்றவர்களை யார் பார்ப்பது என்று துரை திருப்பிக் கேட்டாராம்.

“செத்தவன்ரை நிரை அவன்ரை வீட்டுக்குத்தானே? அதுதானே இஞ்ச வழக்கம்? பஞ்சாலைக்கே எழுதுவம்” என்றார் கிராணி.

“அது நல்ல காலத்து வழக்கங்கய்யா.”

கிராணி சிவப்புக் கையோடு போனார்.

ஆண்டாண்டு காலமாக அந்த வழக்கம் இருந்தது. வெட்டுக்காரர் இறந்தால் அவர் நிரை மகனுக்கோ மனைவிக்கோ போகும். நல்ல பால் தரும் நிரை என்றால் அது ஒரு சொத்து மாதிரி. சன்னாசியின் நிரைக்கு அந்த மதிப்பு இருந்தது. வேலி போடுவதற்கு முன்பு அதற்காகச் சண்டைகூட நடந்திருக்கிறது.

புதன்கிழமை முழுக்க மழை. நனைந்த மரத்தை வெட்ட முடியாது. லயத்துக் கூரையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வேலிக்குள் புதிதாகக் கட்டிய லயம். இடைவெளி இல்லாமல் வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ராக்கம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கருவாடு சுட்டாள். ரேஷன் அரிசி சனிக்கிழமை வரை வர வேண்டும்.

அன்று ஒவ்வொருவராக வந்துபோனார்கள். நேராக யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருவர் இடுப்பு வலி என்றார். ஒருத்தி தன் மாமியாருக்குக் கண் தெரிவதில்லை என்றாள். கால் இழுத்து நடப்பவர் வந்து காலைப் பற்றி எதுவும் சொல்லாமல் மழையைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். இராஜமாணிக்கம் எல்லோருக்கும் கிழங்கு கொடுக்கச் சொன்னான். எல்லோருடைய பேச்சையும் கேட்டான். கடைசியில் கிழங்கு தீர்ந்துவிட்டது.

“ஒருத்தருக்கும் மாட்டேன்னு சொல்ல வாய் இல்ல. அதுக்குப் பதிலா கெழங்கத் தின்னுட்டுப் போறாங்க” என்றாள் ராக்கம்மா.

“நான் யாரச் சொல்றது?”

“நீங்க சொன்னா அவங்க மறுக்காமக் காட்டோரத்துக்குப் போயிருவாங்க.”

“போகமாட்டேன்னு சொல்லிட்டா பரவால்ல. அவங்க போயிருவாங்க. அதான்” என்றான்.

அவள் பானையைக் கழுவினாள். மாலையில் ஆறுமுகம் வந்தார். சீட்டுப் போடலாம் என்றார். அம்மன் முன்னால் திருவுளச்சீட்டு. யாருக்கு விழுகிறதோ அவர் போக வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

இராஜமாணிக்கம் வெகு நேரம் யோசித்தான். பிறகு சரி என்றான்.

பஞ்சாலையின் பெயரை விட்டுவிடுவது என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். வியாழக்கிழமை பாலை எடை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அவளிடம் சொன்னான். அவள் நின்றுவிட்டாள். மற்றவர்களும் நின்றார்கள்.

“ஏன்ணே?”

“ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

“எல்லாருக்குந்தான் இருக்கு. என் பேர விட்டுட்டா அப்பறம் நான் இந்தக் கும்பல்ல ஆளு இல்லையா? எரக்கப்பட்டு சோறு ஊட்டுறீங்களா எனக்கு?”

“அப்படிச் சொல்லல பஞ்சாலை.”

“அவரு நெரைண்ணே அது. எம் பேர எழுதுங்க.”

மற்றவர்கள் கீழே பார்த்தார்கள். அவள் பெயர் இல்லாவிட்டால் மற்றவர்களின் பெயர் வர வாய்ப்புக் கூடும். அந்தக் கணக்கை எல்லோரும் போட்டிருந்தார்கள். அதற்காக வெட்கப்படுவது போலவும் இருந்தது. இராஜமாணிக்கம் சரி, எழுதுகிறேன் என்றான்.

மாரியம்மன் கோயில் வேலிக்குள் வந்துவிட்டது. பழைய கோயில் வெளியே இருந்தது. சிலையை மட்டும் தூக்கிவந்து தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கும்பல் கூடியது. கும்பலில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் இராஜமாணிக்கம் ஒருவன்தான். பால் கணக்கு எழுதிய பழைய கடுதாசியைக் கத்தரித்துப் பதினான்கு சீட்டு எழுதியிருந்தான். ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லி, காட்டி, மடித்துப் பித்தளைச் செம்பில் போட்டான். ராக்கம்மா பெயரைச் சொல்லும்போது குரல் மாறக் கூடாது என்று பார்த்துக்கொண்டான். மாறவில்லை.

ஆறுமுகம் செம்பைக் குலுக்கினார். அன்று அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

இராஜமாணிக்கம் பிரித்தான்.

பஞ்சாலை என்று இருந்தது.

அவள் எதிரில் நின்றாள். சின்னவன் இடுப்பில் இருந்தான். தாலி கழற்றிய கழுத்தில் வெயில் படாத ஒரு கோடு தெரிந்தது. மற்ற பன்னிரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள். ராக்கம்மாவும் பார்த்தாள்.

“ராக்கம்மா” என்று படித்தான்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மற்றச் சீட்டுகளை அவனே அடுப்பில் போட்டுவிடுவதாகச் சொன்னான்.

பஞ்சாலை ஓடிவந்து ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாற்றிக்கொள்ளலாம் அக்கா, நான் போகிறேன் என்றாள். ராக்கம்மா அம்மன் கொடுத்தது என்று மட்டும் சொன்னாள். குழந்தையின் மூக்கைத் தன் சேலையில் துடைத்துவிட்டாள். கால் இழுத்து நடப்பவர் விழுந்து கும்பிட்டார், அம்மனையா மண்டோரையா என்று தெரியவில்லை. மண்டோர் வீட்டுக்கே விழுந்துவிட்டது என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அதில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

ஆறுமுகம் கடைசியாகப் போனார். “நாளைக்கு எல்லாரும் வருவாங்க மண்டோரு. இனிமே ஒருத்தனும் கும்பல விட்டுப் போகமாட்டான்” என்றார்.

அது உண்மை. இராஜமாணிக்கத்துக்கும் தெரிந்தது.

வீட்டில் ராக்கம்மா சோறு போட்டாள். வழக்கத்தைவிட ஓர் அகப்பை கூட. அவன் பாதியை வைத்துவிட்டான். அவள் அதை எடுத்து மூடி வைத்தாள். சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். பால்கறை காய்ந்தால் போகாது. அவன் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தான். பையிலிருந்த சீட்டை மறந்துவிட்டான்.

பின்புறத் தொட்டியில் சட்டையை நனைக்கும் முன் அவள் பையில் கைவிட்டாள். துணி தோய்க்கும் யாரும் செய்வதுதான். சீட்டு வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேஷன் வரிசையில் ஒரு மேசை நிறையத் தமிழில் பெயர் எழுதிய அட்டைகளைக் கொட்டி வைப்பார்கள். அவரவர் அட்டையை அவரவரே பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வருடமாகப் பொறுக்குகிறாள். தன் பெயர் பார்க்க எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இது அப்படி இல்லை.

சீட்டை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். பிறகு தண்ணீரில் போட்டாள். மை கரைந்தது. சட்டைக்குச் சோப்புப் போட்டாள்.

வெள்ளிக்கிழமைப் பெரட்டில் கிராணி பெயரைக் கேட்டார். இராஜமாணிக்கம் சொன்னான். கிராணியின் பேனா நின்றது. “உம்மட பெண்சாதியோ?” என்றார். ஆமாம் என்றான். அவர் எழுதினார். சின்ன துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சின்ன துரை இராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். நான்கு வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூடத் தாமதம் இல்லை. பிரியும் இடத்தில் ஒவ்வொருவராக ராக்கம்மாவிடம் வந்தார்கள். ஆறுமுகம் தன் தீட்டுக்கல்லைக் கொடுத்தார், அதுதான் நல்ல கல் என்று. பஞ்சாலை முதல் நாற்பது மரத்தில் எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள், சன்னாசி அவளுக்குச் சொன்னது போல. பிறகு அவரவர் நிரைக்குப் போனார்கள். சத்தம் தூரமாகி நின்றுவிட்டது.

இராஜமாணிக்கம் அவளோடு காட்டோரம் வரை போனான். மழைக்குப் பிறகு மண் கால்களில் ஒட்டியது. சிவப்புப் பொட்டுகள் மழையில் கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தன. காடு சும்மா இருந்தது. கொசு இருந்தது.

அவள் முதல் மரத்தின் முன்னால் நின்றாள். காய்ந்த பாலைக் கோட்டிலிருந்து உரித்துக் கூடையில் போட்டாள். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். உளியைப் பதித்தாள். சின்ன, பயமில்லாத கை. தோல் சுருண்டு விழுந்தது. பால் மெல்ல இறங்கியது. காயம் இல்லை.

“நல்லா வருது” என்றான்.

“சீட்டு ஒங்க சட்டைப் பையில இருந்துச்சு.”

அவன் கை சட்டைப் பைக்குப் போனது.

“எம் பேரு எனக்குத் தெரியும்ங்க. ரேஷன் மேசையில வாராவாரம் பாக்குறேன்ல. அது எம் பேரு இல்ல.”

அடுத்த மரத்துக்குப் போனாள். அவனும் போனான். உரித்தாள், துடைத்தாள், வெட்டினாள்.

“யாரு பேரு?”

“பஞ்சாலை.”

உளி நிற்கவில்லை. கோடு முடியும் வரை இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“ரெண்டு புள்ளைங்க” என்றான்.

“ஆமா. நமக்குத்தான் ஒண்ணும் இல்ல.”

“அதுக்காக இல்ல.”

“இருக்கட்டும். நானா இருந்தாலும் அவ பேரப் படிச்சிருக்கமாட்டேன். அது சரிதான்.”

மூன்றாவது மரம். நான்காவது. தூரத்தில் ஆறுமுகம் இருமும் சத்தம் கேட்டது. அவன் மற்ற நிரைகளையும் பார்க்கப் போக வேண்டும். பதின்மூன்று பேர் இருந்தார்கள். அவன் போகாமல் நின்றான். அவள் உளியைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், அடுத்த மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆறுமுகம் அண்ணன் பேரு வந்திருந்தா? அப்பவும் எம் பேரத்தான் படிச்சிருப்பீங்களா?”